விளிம்பு தெரியணும்

— கதவைச் சாத்திட்டேன். இப்ப அந்தக் கோட்டைக் கழட்டு.

— எதுக்கு அத்தை? பல் டாக்டர்கிட்ட போக நேரமாகுதுல்ல?

— என் பல்லுதானே, காத்திருக்கும். கழட்டு.

— குளிருதே. நீங்களும் சால்வையைப் போத்திக்கிட்டுத்தானே நிக்கறீங்க.

— எனக்கு வயசாச்சு. உனக்கென்ன?

— சரி, கழட்டிட்டேன். போதுமா?

— உள்ளே ஸ்வெட்டர். அதுக்குள்ள சட்டை. அதுக்குள்ள இன்னொரு காலர் எட்டிப் பாக்குது. ஏம்மா, வெங்காயமா நீ? உரிக்க உரிக்க வந்துக்கிட்டே இருக்கு.

— இது ஸ்டைல் அத்தை. துணிக்கடையில நான் பொம்மைக்கெல்லாம் இப்படித்தான் மாட்டுவேன். குளிர்காலம் வந்தா கண்ணாடிக்குள்ள நிக்கற பொம்மைக்கு நாலு அடுக்கு. மெல்லிசு உள்ளே, கனமானது வெளியே. ஒவ்வொண்ணோட விளிம்பும் ஒரு விரலளவு தெரியணும்.

— எதுக்குத் தெரியணும்?

— தெரிஞ்சா அழகுக்குப் போட்டதும்பாங்க. தெரியலேன்னா எதையோ மறைக்கறாங்கன்னு நினைப்பாங்க.

— எதை மறைக்கறே?

— ஒண்ணுமில்லையே.

— கல்யாணத்துக்கு அப்புறம் கடை வேலையை விட்டே. இத்தனை வருஷத்துல இல்லாத ஸ்டைல், இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்.

— நான் விடலை. அவர் விட வச்சார்.

— மெதுவா பேசு. உன் புருஷன் ஹால்லதான் உக்காந்திருக்கான். பேன்ட்டுக்குள்ள என்ன?

— லெக்கிங்ஸ்.

— அதுக்குள்ள?

— இன்னொரு லெக்கிங்ஸ்.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கறே. காலையிலேர்ந்து உன் நடையே சரியில்லைன்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— நீங்க முதல்ல உக்காருங்க. உங்களுக்கு வேர்க்குது. நான் எல்லாத்தையும் சொல்றேன்.

— உக்காந்தா எந்திரிக்க முடியாது. நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லு.

— பையை எடுத்தா திறந்து காட்டச் சொல்றார். பெட்டின்னா கேக்கவே வேண்டாம். போன தடவை பைக்குள்ள ஒரே ஒரு புடவை மடிச்சு வச்சிருந்ததுக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க பாத்தீங்க.

— பாத்தேன்.

— பாத்துட்டு சமையல்கட்டுக்குள்ள போயிட்டீங்க.

— போனேன்.

— அதான் இந்த தடவை உடம்புலயே எடுத்துட்டுப் போறேன். நீங்க டாக்டர் ரூமுக்குள்ள போனதும் அப்படியே பஸ் ஏறிடலாம்னு இருந்தேன். அவரைக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க அத்தை. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா இந்த வீட்ல இன்னொரு குளிர்காலம் என்னால முடியாது.

— அம்மா! கதவைச் சாத்திட்டு ரெண்டு பேரும் உள்ளே என்ன பண்றீங்க?

— உன் பொண்டாட்டி கோட்டுல பட்டன் அறுந்துடுச்சுடா. தைச்சுக்கிட்டிருக்கேன்.

— அவ பையைப் பாத்தியா?

— பாத்தேன். சீப்பும் கைக்குட்டையும்தான் இருக்கு.

— வெளியில அவளைத் தனியா விட்டுடாதே.

— எப்படிடா விடுவேன்? கூடவேதான் இருப்பேன்.

— அத்தை… பட்டன் அறுந்தே போகலையே.

— வாயை மூடிக்கிட்டு இந்தப் பக்கம் திரும்பு. இடது கையில விளிம்பு உள்ளே போயிடுச்சு, இழுத்து விடு. விரலளவுன்னு நீதானே சொன்னே.

— எனக்கு அழுகை வருது.

— அழுதா மூக்கு சிவக்கும். அவன் அதைத்தான் முதல்ல பாப்பான். துப்பட்டா வேண்டாம், அந்த ஸ்கார்ஃபை எடுத்து ரெண்டு சுத்து சுத்து.

— நீங்க அவரைப் பெத்தவங்க அத்தை.

— ஆமா. அவங்கப்பன் இருந்த வரைக்கும் அந்த மனுஷனுக்குப் பொண்டாட்டியும் நான்தான். பிள்ளை இதையெல்லாம் எங்கே கத்துக்கிட்டான்னு எனக்குத் தெரியாதா? கோட்டை மாட்டு.

— நான் போனப்புறம் நீங்க தனியா திரும்பி வருவீங்க. எங்கே அவள்னு கேப்பார். உங்களைச் சும்மா விட்டுடுவாரா?

— மாட்டு முதல்ல. பட்டனைப் போடு.

— பதில் சொல்லுங்க. பல்வலியோட வேற அவர்கிட்ட மாட்டிக்கிட்டு…

— எனக்கு எந்தப் பல்லும் வலிக்கலை. வா, என் கையைப் பிடிச்சுக்க. படியில மட்டும் மெதுவா இறங்கு, நான் மூணு புடவை கட்டியிருக்கேன்.