தொங்கும்போது முறுக்கிய போல்ட்

அடிப்படையில் நான் சத்தம் பிடிக்காத ஆள், மச்சான். வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட வாசலில் போய் நின்றுகொள்வேன். உங்கள் தங்கையைக் கேட்டால் சொல்வாள்.

என் மகளின் கல்யாணம் ஏன் நின்றது என்று தாய்மாமன் என்ற முறையில் கேட்டீர்கள். வாயால் சொன்னால் மழுப்புவேன், எழுதிக் கொடு என்றீர்கள். வீல் அலைன்மென்ட் பட்டறையில் வெள்ளைத்தாளுக்கு எங்கே போவது? சக்கரங்களின் கோண அளவு அச்சடித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் அளவு தவறியதைக் காட்டும் சிவப்பு எண்களைக் கண்டுகொள்ள வேண்டாம். எல்லாம் மாப்பிள்ளையின் கார்தான்.

அவரை எனக்குப் பிடிக்காமல்தான் எல்லாம் நடந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. அவர் வைத்திருப்பது இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். அதையும் ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்தியிருந்தார், அடியில் எறும்பு போனாலும் குனிந்துதான் போக வேண்டும். முதல் தடவை பட்டறைக்கு வந்தபோது பின்சக்கரங்கள் இரண்டும் தலையை உள்பக்கம் சாய்த்து நின்றன. டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரிந்தது. காரைத் தாழ்த்தினால் சக்கரம் சாயும். அதை நிமிர்த்த, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மின் நீளத்தை மாற்ற வேண்டும். காரோடு வரும் ஆர்மின் நீளம் மாறாது. திருகித் திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆர்ம் தனியாக வாங்க வேண்டும். அதன் முனையில் போல்ட் நுழையும் துளைக்குள் மெத்தைபோல ஒரு வளையம் இருக்கும், அதற்குப் புஷ் என்று பெயர். விஷயம் அவ்வளவுதான்.

"மூணு வாரமா படிச்சிட்டிருக்கேன் மாமா," என்றார். "ஆர்ம் முனையில ரப்பர் புஷ் போட்டது இருக்கு, கெட்டி பிளாஸ்டிக் புஷ் இருக்கு, இரும்பு உருண்டை மூட்டு இருக்கு. எது வாங்கறது? நீங்க சொல்றதுதான்."

நீங்க சொல்றதுதான். முப்பத்தொரு வருஷமாக இந்தப் பட்டறையில் இருக்கிறேன். இந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. வருகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். நான் சக்கரத்தின் சாய்வைப் பற்றி ஆரம்பித்தாலே உங்கள் தங்கைக்கு அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வந்துவிடும். என் மகள் அவரை முன்கூட்டியே எச்சரித்திருக்கிறாள், "எங்கப்பாகிட்ட கார் பத்தி மட்டும் வாயைக் குடுத்துடாத." இதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

எதை வாங்குவது என்று முடிவு செய்யவே மூன்று சனிக்கிழமைகள் ஆயின. எஃகா அலுமினியமா, காரில் இருந்தபடியே திருக முடியுமா, ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டுமா, எல்லாம் பேசினோம். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சொன்ன ஒன்றை அடிக்கோடு போட்டார். கடைசியில் ரப்பர் புஷ் வைத்த எஃகு ஆர்ம் என்று தீர்மானித்தேன். சத்தம் வராது, குலுங்காது. புதுசாகக் கல்யாணம் ஆகிறவர்களுக்கு அதுதான் ஏற்றது. அது நேர்மையான தேர்வு. அந்த ஒன்றை மட்டும் என் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

நாலாவது சனிக்கிழமை மாட்டினோம். ரப்பர் புஷ்ஷுக்கு ஒரு விதி உண்டு. காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டில் அது தொங்கும்போது போல்ட்டைக் கையால் போட்டுவைக்கலாம். ஆனால் காரைத் தரையில் இறக்கி, முழுப் பாரமும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும்போதே முறுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் இழுபட்டுச் சீக்கிரமே கிழிந்து முனகும். பட்டறைச் சுவரில் இதைச் சிவப்புப் பெயின்ட்டில் எழுதிவைத்தவனே நான்தான்.

கார் மேலே இருந்தது. ஸ்பானர் என் கையில் இருந்தது. மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டே, "இதோட வேலை முடிஞ்சுது மாமா. இனிமே உங்க சனிக்கிழமையைக் கெடுக்க மாட்டேன்," என்றார்.

நான் அங்கேயே முறுக்கிவிட்டேன்.

மறதி இல்லை, மச்சான். நாலு போல்ட்டையும் முறுக்கினேன். காரணம் கேட்பீர்கள். ஒரு தகப்பன் மாப்பிள்ளையின் பொறுமையைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா? பின்சீட்டே இல்லாத காரில் பின்னாலிருந்து வரும் முனகலைத் தாங்குகிறவன் எதையும் தாங்குவான் என்று நினைத்தேன். மகளின் நன்மைக்காகச் செய்தது.

பதினோராம் நாள் முனகல் வந்தது. பன்னிரண்டாம் நாள் மாப்பிள்ளை வந்தார். கோபமே இல்லை. டீயும் வாங்கிவந்தார். சோதனையில் தேறிவிட்டார் என்று அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரே சோதனையில் ஒரு மனிதனை எப்படி முடிவு செய்வது?

கெட்டி பிளாஸ்டிக் புஷ் வைத்த ஆர்முக்கு மாறினோம். அதற்குத் தனியாக ஒரு கிரீஸ் பொட்டலம் வரும். அது என் சட்டைப்பைக்குப் போனது. கிரீஸ் இல்லாத அந்த ஆர்ம் பழைய இரும்புக் கேட்டைப்போலக் கத்தியது. அடுத்தது உருண்டை மூட்டு. அதன் தூசி உறையை மாட்டாமல் விட்டேன், மூன்றே வாரத்தில் கடகடவென்றது. ஒன்று சொல்லிவிடுகிறேன், காரின் பாதுகாப்பில் நான் கை வைத்ததே இல்லை. ஆர்மின் நீளம் நகராமல் பிடிக்கும் லாக் நட்டை ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். நான் ஒன்றும் ராட்சசன் இல்லை.

சனிக்கிழமைகள் நன்றாக இருந்தன. காரைச் சாய்வு மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு, அடியில் இரண்டு அட்டைப்பெட்டிகளை விரித்து அருகருகே படுத்துக்கொள்வோம். அவர் டார்ச் பிடிப்பார், நான் பேசுவேன். அந்த நேரங்களில் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தார்களாம், வாடகைக்கு வீடு பார்த்தார்களாம். மாப்பிள்ளை இல்லாமலே எல்லாம் நடந்தது. மகள் போன் செய்வாள், அவர் கிரீஸ் கையைக் காட்டுவார், நானே எடுத்து "இதோ முடிஞ்சிடுச்சும்மா" என்பேன்.

ஒருநாள் அவளே வந்துவிட்டாள். காருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஜோடிக் கால்களைப் பார்த்துப் பேசினாள்.

"கல்யாணமும் சனிக்கிழமைதான். ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா," என்றார் மாப்பிள்ளை அடியிலிருந்து. "ஒரே ஒரு நிமிஷம். அந்தப் பின்பக்கத்தைக் கொஞ்சம் அமுக்கேன். சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்கறோம்."

அவள் அமுக்கினாள். குரலில் அழுகை வந்துவிட்டது. "நான் வேணுமா, இந்தச் சத்தம் போகணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

மாப்பிள்ளை பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நினைவும் இருந்தது, நேரமும் இருந்தது. நான் சொன்னது, "இந்தப் பக்கம் இல்லம்மா, அந்தப் பக்கம் அமுக்கு."

அவள் மோதிரத்தைக் கழற்றிக் கருவிப்பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனாள். அது வாஷர்களோடு கலந்துவிடாமல் தனி டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பெற்ற மகள் அழுதால் யாருக்குத்தான் இறங்கும்?

ஆக, ஒப்புக்கொள்கிறேன். முனகல், கத்தல், கடகடப்பு மூன்றும் என் கைவேலை. அவரிடம் ஒரு குறையும் இல்லை. நாலு மாதமாக ஒருதடவைகூட என்மேல் எரிந்து விழாத மனிதர். அதை ஒரு தகப்பனாக நான் பரிசோதித்து உறுதி செய்துவிட்டேன் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம்.

நேற்று நீங்கள் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மகள் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறாள், வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை காரை மறந்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்தால் கல்யாணம் நடக்கும், வராவிட்டால் அந்தப் பேச்சே இனி வேண்டாம் என்கிறாள். நியாயம்தான். அவரிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பும் பொறுப்பையும் என்னிடமே விட்டுவிட்டீர்கள். இவ்வளவு செய்தவனை நம்புகிறீர்களே என்று கண் கலங்கிவிட்டது.

பொறுப்பை நிறைவேற்றிவிட்டேன். இன்று காலை மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். என் தப்பு, மகள் சொன்னது எல்லாவற்றையும் அவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லப்போகிறேன். ஆனால் இதெல்லாம் போனில் சொல்கிற விஷயமா? நேரில் முகம் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை. அதனால் பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. வருகிறவர் கையோடு முன்பக்க ஆர்மையும் ஒருதடவை பார்த்துவிடலாம்.