ஐ ஓபன்ட் த டோர்

இல்ல டீச்சர், டீ வேணாம். நாலு மணிக்கு விசாரணை, இன்னும் முக்கால் மணி நேரந்தான் இருக்கு. திருப்பிச் சொல்றேன், கேளுங்க. ஐ ஓபன் த டோர். இல்லல்ல, ஓபன்ட். பாத்தீங்களா, அங்கயே வந்து சறுக்குது.

நீங்க சொன்னது புரியாம இல்ல. தினமும் செய்யறதுக்கு ஓபன், அன்னிக்குச் செஞ்சு முடிச்சதுக்கு ஓபன்ட். தமிழ்ல மட்டும் என்ன, திறக்கறேன் வேற, திறந்தேன் வேறதான? மண்டையில ஏறுது, வாயில வரமாட்டேங்குது.

விசாரிக்க வர்ற அதிகாரிக்குத் தமிழ் தெரியாதாம். ரெண்டும் தெரிஞ்சவரு எங்க மேனேஜர் ஒருத்தர்தான். நீ தமிழ்ல சொல்லும்மா, நான் இங்கிலீஷ்ல சொல்லிக்கறேன்னாரு. வேணாம் சார், நானே சொல்லிடறேன்னுட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு அப்ப எனக்கே தெரியல. சரின்னுட்டு இந்தப் பேப்பரை டைப் பண்ணிக் குடுத்து, ஒரு வார்த்தை மாறக்கூடாதுன்னு அனுப்பிட்டாரு.

யாரு, என் நாத்தனாரா? இன்னும் ஆஸ்பத்திரியிலதான். இடது கையில மூணு விரல எடுத்துட்டாங்க. அவளும் எங்க கம்பெனியிலதான் வேலை பாக்கறா. மீனை உறைய வைக்கிற ரூமு டீச்சர் அது. ரெண்டு மணி நேரம் உள்ள கிடந்திருக்கா. உள்ளேர்ந்து தட்டினா வெளிய கேக்காது. அதனாலதான் பூட்டறதுக்கு முன்னாடி கதவைத் திறந்து, உள்ள போயி, யாராச்சும் இருக்கீங்களான்னு குரல் குடுக்கணும். அது என் வேலை.

கடைசி வரியா? அதுவும் மேனேஜர் எழுதினதுதான். நான் பாத்துட்டு வெளிய வந்த பிறகு, மீனைத் திருட அவளா நழுவி உள்ள போயிட்டாளாம். அப்படி ஆச்சுன்னா அவளுக்கு வேலையும் போச்சு, பேரும் போச்சு, வைத்தியத்துக்கும் கம்பெனி கைகழுவிடும். அவ ஒரு மீன் முள்ளைக்கூட எடுத்துட்டு வந்தவ இல்ல.

ரெஜிஸ்டர் இருக்கே, உள்ள பாத்தாச்சுன்னு என் கையெழுத்தோட. சாயங்காலம் கை விறைச்சுப் போயிடும், பேனா பிடிக்க வராது. அதனால நாங்க எல்லாருமே காலையில வந்ததுமே சாயங்காலக் கையெழுத்தையும் சேத்துப் போட்டுடுவோம். மேனேஜருக்கும் தெரியும், ஒருநாளும் கேட்டதில்ல.

கீழ ஹாரன் கேக்குதா? என் வீட்டுக்காரர்தான். அவருக்கு அவ ஒரே தங்கச்சி. என்னை நம்பி வண்டியோட வாசல்ல நிக்கறாரு. பயமா இருக்கு டீச்சர்.

இந்தப் பேப்பரை நீங்களே வெச்சுக்கங்க. அன்னிக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வெளியிலேர்ந்தே தாழ்ப்பாளைத் தள்ளிட்டு ஓடிட்டேன், உள்ள பாக்கவேயில்ல. அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு ஒரு துண்டுத்தாள்ல எழுதிக் குடுங்க. தமிழ் எழுத்துலயே எழுதுங்க, போதும். வண்டியில அவரு முதுகுக்குப் பின்னாடி உக்காந்து சொல்லிப் பாத்துக்கறேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அங்க சொல்லி முடிச்சதும், வெளிய வந்து அவருகிட்ட தமிழ்ல சொல்லணும்.