சவரியம்மாளை வீட்டுக்கு அனுப்பிவைத்தவருக்கு

முதுநகர் இறால் ஆலையின் முதுபெரும் துணையே, முகக்கவசத்துக்கு மேலே தெரியும் கண்களை மட்டும் கண்டே எங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் பெருந்தகையே, கணக்கில் கறாரும் கனிவில் தாராளமும் கொண்ட எங்கள் மனிதவள அலுவலர் ஹிதாயத்துல்லா அவர்களே, பணி நிறைவு காணும் இந்நன்னாளில் எங்கள் வணக்கம்!

மேடையில் வீற்றிருக்கும் முதலாளி அவர்கள் சற்றுப் பொறுத்தருள்க. சில உண்மைகளைச் சொல்லாமல் இவரைப் பாராட்ட முடியாது.

சிதம்பரத்திலிருந்து வரும் பெண்களுக்குப் பஸ்ஸும், எல்லோருக்கும் காலை இட்லியும் தந்த இந்த ஆலையில், "பஸ் வுடுறோம், இட்லி போடுறோம், நமக்கு என்னா பாய் திரும்பி வருது?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார். வேறொருவராக இருந்தால் தலையைச் சொறிந்திருப்பார். நீங்கள் பஸ்ஸுக்கு முந்தைய காலத்தையும் பிந்தைய காலத்தையும் எதிரெதிரே நிறுத்தினீர்கள். வேலையை விட்டு நின்றவர் எத்தனை பேர், சொல்லாமல் விடுப்பு எடுத்தவர் எத்தனை பேர், புதிதாய் வந்த கை வால் ஒடியாமல் இறால் உரிக்கப் பழகும்வரை வீணாகும் சரக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் ரூபாயாக்கினீர்கள். "போட்டதுக்கு மேல கொஞ்சந்தான் சார் வருது, ஆனா வருது" என்றீர்கள். அந்தக் கொஞ்சத்தில்தான் எங்கள் பஸ் ஓடியது.

பாராட்டுக்கும் நீங்களே வழி வகுத்தீர்கள். முந்தின நாள் நன்றாக உழைத்த ஒருவரின் பெயரை வேலை தொடங்குமுன் முதல் கூடத்தில் நீங்கள் வாசிப்பீர்கள். அவர் "இருக்கேன் சார்" என்பார், நாங்கள் ஈரக் கையுறையோடு கைதட்டுவோம். செலவில்லாத சிறப்பு அது. விடுப்பு அதிகம் எடுத்ததால் சிதம்பரத்துச் சவரியம்மாளின் பெயர் மட்டும் அதில் வந்ததே இல்லை. ஒரு சனிக்கிழமை உழைப்புக்கு அதுவும் வந்தது. திங்களன்று வாசித்தீர்கள். "இருக்கேன் சார்" என்று கூடத்தின் நடுவிலிருந்து குரல் வந்தது, நாங்களும் தட்டினோம்.

அன்று சிதம்பரம் பஸ் தாமதம். அரைமணி கழித்து வந்து இறங்கிய பெண்கள், சவரியம்மாள் ஞாயிறன்று மாரடைப்பில் இறந்துவிட்டதாகவும், முகம் பார்த்துவிட்டு வருவதாகவும் சொன்னார்கள். கூடத்தில் இருந்த கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள், பதில் சொன்ன கண்களைக் காணவில்லை. உங்கள் முகம் வெளுத்ததை, அந்தக் கூடத்தின் மேற்பார்வையாளரான நான் அருகிலிருந்து பார்த்தேன்.

அன்று மாலையிலிருந்து உரித்த இறாலின் எடை ஏறியது, சரியாக ஓர் ஆளின் பங்கு. தராசு பிழை என்று மாற்றினோம். மாற்றிய தராசும் அதையே சொன்னது. முதலாளிக்கோ வாயெல்லாம் பல். "கைதட்டுனாலே எடை ஜாஸ்தியாவுது. அப்புறம் பஸ் எதுக்கு? ஒரு வாரம் நிறுத்திப் பாருங்க பாய்" என்றார்.

பஸ் நின்றது. சிதம்பரத்துப் பெண்களால் வர முடியவில்லை, பாதி மேசைகள் காலி. ஆனால் மாலையில் அந்தக் காலி மேசைகளின் தட்டுகளில் வால் ஒடியாத இறால் நிறைந்திருந்தது. நான் காலையில் கொட்டி வைத்த ஐஸ், அள்ளிய கைத்தடங்களோடு குழிந்து கிடந்தது. வராத தோழிகளின் வேலை போய்விடக் கூடாதென்று அவர்கள் பங்கையும் சவரியம்மாள் உரிக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. எடைச்சீட்டைப் பார்த்த முதலாளி, "பாதி ஆளே போதும்போலருக்கே" என்றார். சிதம்பரத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் கணக்கு முடித்து வேலையிலிருந்து அனுப்பச் சொன்னார்.

அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, மதிய உணவு வேளையில் யாருமில்லாத கூடத்துக்குள் நீங்கள் போனீர்கள். நான் கதவருகே நின்றேன்.

"சவரியம்மா, போதும்மா. நீங்க உரிக்கிற ஒவ்வொரு தட்டும் ஒங்க கூட்டாளிங்க சோத்துல கை வைக்குது. ஆள் வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. நீங்க நெனச்சது வேற, நடக்குறது வேற. வூட்டுக்குப் போங்கம்மா."

உங்கள் குரல் உடைந்தது. பிறகு ஈரத் தரையில் ரப்பர் கம்பூட்ஸ் நடக்கும் ஓசை என்னை நோக்கி வந்தது. குளிர் என் தோளை ஒட்டிக் கூடி, கதவைக் கடந்ததும் குறைந்தது.

மறுநாள் காலி மேசைகள் காலியாகவே இருந்தன. ஏற்றுமதிக்கு நின்ற கண்டெய்னர் பாதிகூட நிறையவில்லை. முதலாளி உத்தரவைத் திரும்பப் பெற்றார், பஸ் அடுத்த நாளே ஓடியது. அந்த அதிக எடையைப் பாராட்டுத் திட்டத்தின் லாபமாகச் சேர்க்க முதலாளி சொன்னபோதும், "செத்தவங்க உழைப்ப நம்ம குடுத்ததுக்கு வந்த வரவுன்னு எழுத மாட்டேன் சார்" என்று மறுத்தீர்களே, நெஞ்சுரம் மிக்கவரே, அந்த மறுப்புக்குத்தான் இந்த மடல்.

இனி எங்கள் அச்சத்தையும் சொல்லிவிடுகிறோம். உங்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை. "பாய் வீடு பக்கத்துலதான, வந்து பாத்துட்டுப் போவாரு" என்று முதலாளி சொன்னதும், நீங்கள் தலையாட்டியதும் எங்களுக்குத் தெரியும். சம்பளமில்லாமல் நீங்கள் வந்து உட்கார்ந்தால் அந்த நாற்காலிக்கே ஆள் வேண்டாமென்றாகும். பிறகு பஸ்ஸுக்காகப் பேசச் சம்பளம் வாங்கும் வாய் ஒன்று இங்கே இராது. வாராத் தலையோடு ஓடிவந்து பஸ் பிடிக்கும் பெண்களுக்காகக் கேட்கிறோம், வீட்டில் இருங்கள். உங்கள் துணைவியார் ரஹ்மத் பீவி அம்மாவோடு பகல் சாப்பாடு சாப்பிடுங்கள்.

நோயின்றி, நொடியின்றி நூறாண்டு வாழுங்கள், ஐயா. அதற்குப் பிறகும், தயவுசெய்து, வேலைக்கு வந்துவிடாதீர்கள்.

இங்ஙனம்,
உங்கள் அன்பில் நனைந்த ஆலை ஊழியர்கள் சார்பில்,
வினோதினி, முதல் கூடம்,
கடலூர் முதுநகர்.