இரண்டு தெரு தள்ளி

எழுத்தில் கொடுக்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று, எலிசபெத் மேடம். உங்கள் ஸ்டேஷன் காபியைக் குடித்துக்கொண்டே வாயால் சொல்லியிருந்தால், பாதி வாக்குமூலம் காபியைப் பற்றித்தான் இருந்திருக்கும். கணவர் யுவன் அடித்ததில் சிந்து இன்னும் கண் திறக்கவில்லை என்றீர்கள். எனக்கும் வருத்தம்தான். அவர்கள் இருவரையும் நான் நேரில் பார்த்தது இல்லை.

மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பது என் தொழில். ஒரு போன் கம்பெனியின் ஓட்டையால், யார் எண்ணைப் போட்டாலும் அவர் இருக்கும் இடம் தெரிந்தது. எங்கள் தொழில் வழக்கப்படி, அதை அடைக்கத் தொண்ணூறு நாள் அவகாசம் கொடுத்தேன். நன்றி சொல்லி ஒரு டி-ஷர்ட் அனுப்பினார்கள். அதுவும் சின்ன சைஸ். ஓட்டை அப்படியே இருந்தது. ஊருக்கே தெரிந்தால்தான் அசைவார்கள் என்று, இடம் காட்டும் ஆப் ஒன்றை எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டேன். 'கல்விக்காக மட்டும்' என்று மேலே எழுதியும் வைத்தேன். கத்தி செய்தவன் குத்துக்குப் பொறுப்பா என்ற சமையலறைக் கத்தி உதாரணத்தைச் சொல்லப்போவதில்லை. எங்கள் ஆட்கள் சொல்லிச் சொல்லியே அதை மழுங்கடித்துவிட்டார்கள்.

முதலில் எழுதியவர் சிந்து.

"சார், அவன்கிட்ட இருந்து தப்பிச்சு ஹெப்பகோடியில ரூம் எடுத்திருக்கேன். உங்க ஆப்ப வெச்சு என்னத் தேடுறான். நானே என் நம்பரப் போட்டுப் பாத்தேன், ரெண்டு தெரு தள்ளிக் காட்டுது. நான் இருக்கிறது மாவு மில்லு மாடி. பயமா இருக்கு, இத எடுத்துடுங்க சார்."

எடுக்கச் சொல்பவர்களுக்கு எங்களிடம் படிவம் கிடையாது. பிழை சொல்பவர்களுக்கு உண்டு. போன் மாடல் முதல் எல்லாம் நிரப்ப வேண்டும். அவர் கடிதத்தின் அடியில் தன் எண்ணை மட்டும் எழுதியிருந்தார், வேறு எதையும் நிரப்பவில்லை. நிரப்பி அனுப்புங்கள் என்று கனிவாகவே பதில் போட்டேன், கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மையோடு.

நான்கு நாள் கழித்து யுவன் எழுதினார். படிவம் என்றால் அது படிவம். ஒரு கட்டம் விடவில்லை. தேடும் எண்: மனைவியுடையது. கிடைத்த முடிவு: ஹெப்பகோடியில் ஒரு தெரு, அங்கே அவள் இல்லை. எதிர்பார்க்கும் முடிவு: அவள் வீடு. இப்படி எழுதும் ஆளை யாருக்குத்தான் பிடிக்காது? சனிக்கிழமை சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுச் சரிசெய்தேன். உதவியவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தேன்.

நேற்று நீங்கள் கேட்டீர்கள்: "ஏன் சார், அந்தப் பொண்ணு எழுதினத நீங்க படிக்கவே இல்லியா?"

அந்தக் கேள்விதான் மனதைப் புண்படுத்தியது. எனக்கு வரும் கடிதங்களை வரி விடாமல் படிப்பவன் நான். இரண்டிலும் ஒரே எண் இருந்ததை அன்றே கவனித்தேன். சிந்து இருக்கும் இடம் யுவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே திருத்தி முடித்ததும் சிந்துவின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். புள்ளி மாவு மில் மேல் போய் நின்றது. அதன் பிறகே, சரியாகிவிட்டது என்று யுவனுக்குத் தகவல் சொன்னேன்.

குற்றப்பத்திரிகையில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், மேடம். கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.