தார்ப்பாய் விலையும் நான் போட்ட கும்பிடும்

தலைமை தாங்கும் கிருத்திவாசன் அவர்களே, எனக்கு முன்னே பேசி என் நடுக்கத்தைக் கூட்டிவிட்டு அமர்ந்திருக்கும் நண்பர்களே, கடையைப் பாதி சாத்திவிட்டு வந்திருக்கும் உத்திரமேரூர் வணிகப் பெருமக்களே, கல்லாவை விட்டு எழுந்து வந்த தாய்மார்களே, இந்தச் சங்கத்தின் ஆலோசகன் சுந்தரவரதனின் பணிவான வணக்கம்.

வரிசை போடாமல் எனக்குப் பேச வராது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. விற்ற சரக்குக்கு விலை சொல்லும் உரிமை யாருக்கு?
2. காவாந்தண்டலம் தேவயானியின் கடையில் நடந்தது.
3. தேவயானி இனிச் செய்ய வேண்டியது.

முதல் செய்தி. மொத்த வியாபாரி நமக்குத் தார்ப்பாய் விற்கிறார். விற்ற பிறகு அது யாருடைய சரக்கு? நம்முடையது. நம் சரக்கை இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று அவர் சொல்லலாமா? அட்டையில் அச்சிட்டிருப்பது உச்ச விலை. அதைத் தாண்டத்தான் தடை. தாழ்த்தத் தடை இல்லை. கீழ்விலைக்கு வேலி கட்டி, அதனால் சந்தையில் போட்டி கெடுமானால், போட்டிச் சட்டம் அதைத் தவறு என்கிறது. வணிகவியல் வகுப்பில் ஆண்டுதோறும் இதை நடத்தியவன் நான். இன்று சொல்ல நாக்கு கூசுகிறது.

இரண்டாவது செய்தி. தேவயானி குறைந்த லாபம் வைத்துத் தார்ப்பாய் விற்றார். அறுவடை நேரம், மழை மிரட்டும் நேரம். நெல்லைக் களத்தில் கொட்டியவர்கள் அவர் கடைக்குப் போனார்கள். நாம் என்ன செய்தோம்? அவருடைய விலைப் பலகையைப் படம் பிடித்து, நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். யார் போட்டது என்கிறீர்களா? அது வேண்டாம். இங்கே குனிந்த தலைகள் பல, என் தலை உட்பட.

மொத்த வியாபாரியின் விற்பனையாளர் பாண்டுரங்கன் அந்தக் குழுவில் இருக்கிறார். 'காவாந்தண்டலம் கடைக்குச் சரக்கு நிறுத்தம்' என்று பதிந்தார். நீங்கள் கட்டைவிரல் பொம்மை போட்டீர்கள். நான் கும்பிடு போட்டேன். எதற்கும் கும்பிடு போடுவது என் வழக்கம் என்று தப்பிக்கலாம். ஆனால் படித்துவிட்டுத்தான் போட்டேன். பயந்து போட்டேன். இந்தப் பந்தல் யார் தயவு? இந்தப் பதாகை யார் தயவு? நாம் குடித்த தேநீர் யார் தயவு? எல்லாம் அந்த மொத்த வியாபாரியின் தயவு.

நேற்று தேவயானி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், நீங்க கும்பிடு போட்டத பாண்டுரங்கன் போன்ல காட்டிக்கினு கீறாரு. வாத்தியாரே கும்பிட்டுட்டாரு, நீ இன்னா பெரிய ஆளான்னு கேக்கறாரு. நான் இன்னா சார் சொல்றது?"

"உள்ளே வாம்மா" என்றேன்.

"வேணாம் சார். ஆளுங்க தார்ப்பாய் கேட்டுக்கினு நிக்கறாங்க. இல்லன்னு சொல்லவாவது கடையில ஆள் வேணுமே" என்று போய்விட்டார்.

மூன்றாவது செய்தி. சட்டத்தின் நடை மெதுவானது. ஆகவே, எல்லோரும் ஒரே விலைக்கு விற்பது என்ற இன்றைய தீர்மானத்தை ஏற்று, தேவயானியும் விலையை உயர்த்தட்டும். சரக்கு வரட்டும். பிறகு முறையாகப் பேசுவோம்.

என்ன இருசப்பன், கை தூக்குகிறீர்கள்? எழுந்து நின்றே கேளுங்கள்.

"அந்தம்மாவும் வெலைய ஏத்திட்டா, கொறைச்சு விக்க முடியும்னு காட்ட வேற யாரு சார் கீறாங்க? பொறவு யார காட்டி நீங்க பேசுவீங்க?"

சிரிக்காதீர்கள். யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

இருசப்பன், நீங்கள் கேட்டது சரி. போட்டி என்று நான் வகுப்பில் எதைச் சொன்னேன்? குறைத்து விற்க ஒரு கடையாவது இருப்பதைத்தானே? அந்த ஒரு கடையையும் அடங்கச் சொல்லிவிட்டுச் சட்டம் பேச வந்தேனே, இதைவிட வெட்கம் உண்டா? விலைக்கு வேலி கட்டியது வியாபாரி. அந்த வேலிக்குக் காவல் நின்றது நாம். காவலுக்குக் கும்பிடு போட்டது நான்.

தலைவர் அவர்களே, தீர்மானம் வாக்குக்கு வரும்போது எதிர்த்து உயரும் முதல் கை என்னுடையது. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி.

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தேவயானி அம்மா, இந்தக் கும்பிடு உங்களுக்கு. பாண்டுரங்கனும் பார்த்துக்கொள்ளட்டும். என் மூன்றாவது செய்தி தவறு. வணக்கம்.