மாடியில் ஒரு சிவப்புப் புள்ளி

— அப்ப யாரும் போய்ப் பாக்காமலே, அதுவாவே படம் போட்டுருச்சா ஆனந்த்ராஜு?

— ஆமாக்கா. புது சாப்ட்வேர். மில்லு நெட்டுல என்னென்ன சேந்திருக்குன்னு தானாத் தேடும். எது எங்க இருக்குன்னு வரஞ்சு காட்டிரும். மேனேஜர் கையில கட்டியிருக்க வாட்ச்சுகூட வந்திருச்சு.

— என் தோடு வரலையே?

— அது ஒண்ணுதான் பாக்கி... இங்க பாருங்க பொன்னழகக்கா. இது உங்க லேடீஸ் ஹாஸ்டல்.

— அதென்ன, செவப்பா ஒரு புள்ளி...

— யாருதுன்னு தெரியாத பொருள்னா செவப்பு. இது செல்போன். மாடியில இருக்கு. நீங்கதான வார்டன்? வேலைக்குச் சேர்ற அன்னைக்கே புள்ளைகட்ட செல்லை வாங்கி வச்சிருவீங்கள்ல?

— எல்லாம் பீரோவுலதான் கெடக்கு. உன் மிஷினு தப்பாக் காட்டுது.

— தப்பாக் காட்டாதுக்கா. சாயங்காலம் இந்தப் படம் திண்டுக்கல் ஆபீசுக்கு, ஓனருக்குப் போயிரும். அப்புறம் ரூம் ரூமாச் சோதிப்பாங்க. செல்லு வச்சிருக்க புள்ளைக்கு அன்னைக்கே வேலை போயிரும்.

— தெரியும்...

— யாருக்கா அது?

— எனக்கென்னப்பா தெரியும்.

— சிம் இல்லாத பழைய செல்லு. ஷிப்டு முடிஞ்சதும் செத்த நேரம் வீடியோ ஓடுது. அம்புட்டுதான்.

— ஞாயித்துக்கிழமை ஆபீஸ் போன்ல வீட்டுக்குப் பேச விடுறோம்ல. அம்புட்டுப் புள்ளைகளும் வரிசையில நிக்கும். ஒருத்தி மட்டும் வரவே மாட்டா. ஏன்டின்னு கேட்டேன். மகனை ஆத்தூர்ல மாமியாகிட்ட விட்டுட்டு வந்திருக்கா. மூணு வயசு. அவனுக்குக் காது கேக்காது. போனைக் காதுல வச்சு என்னத்தப் பேசுவா? கைய ஆட்டித்தான் பேசணும். அதை அவன் பாக்கணும். அதான்... என் பழைய செல்லைக் குடுத்தேன்.

— அவ பேரு?

— பேரைக் கேக்காத தம்பி. செல்லு என்னுது. என் பேரைப் போட்டுக்க.

— உங்க வேலை போயிரும்க்கா.

— போகட்டும். இந்தச் சம்பளத்துலதான் அவ பயலுக்குக் காது மிஷின் வாங்கணும்.

— மேனேஜர் கூப்பிட்டு மெரட்டுனாலும் இதையே சொல்லுவீங்களா?

— சொல்லுவேன்... ஆமா, வைபை பாஸ்வேர்டு எனக்கே தெரியாது. அவளுக்கு மட்டும் எப்படிக் கெடச்சுச்சு? ஆனந்த்ராஜு... உன்னையத்தான் கேக்குறேன்.

— நான்தான் போட்டுக் குடுத்தேன்க்கா. இது காலையில எடுத்த படம். ஓனருக்குப் போற படத்துல செவப்பே இல்ல. ஹாஸ்டல் வைபையைச் சோதிக்க நான் வார்டன்கிட்டக் குடுத்து வச்ச செல்லுன்னு என் பேருலயே பதிஞ்சிட்டேன். நெருக்கிக் கேட்டா, புவனேஸ்வரி பேரு உங்க வாயில வந்துருமோன்னு பாக்கத்தான் வந்தேன்.