கம்பத்த நட்டமாப் புடிங்க்கா

ஸ்பிரிங் மேலதாங்க்கா தப்பு. வேற எது மேலயும் இல்லை. ஏனுங்க்கா, அந்தக் கம்பத்தக் கொஞ்சம் நட்டமாப் புடிச்சுக்குங்களேன். வண்டி எங்கால்கிட்டயே கெடக்கட்டும். நிக்கறவங்க சாமானத்த உக்காந்திருக்கறவங்க மடியில வாங்கிக்கறதாலதான் இந்த ஊருல பஸ்ஸே ஓடுதுங்க...

பொம்மை இல்லீங்க. ரிமோட்டுல பாறை ஏறற வண்டி. பீளமேட்டுல எங்க காலேஜுல மத்தியானம் போட்டி. கல்லக் குமிச்சு மலையாட்டம் வெச்சிருக்காங்க, கவுராம உச்சிக்குப் போயிரோணும். மெக்கானிக்கல்ல நான் ஒருத்திதான் பொண்ணு. கவுந்துச்சுன்னா அத்தனை பசங்களும் வண்டியப் பாக்க மாட்டானுங்க, என்னையத்தான் பாப்பானுங்க. அதும் பத்தாதுன்னு எங்கப்பா வேற திருச்செங்கோட்டுல பஸ் ஏறிட்டாரு. அவருக்கு போர்வெல் போடற ரிக் லாரி இருக்குதுங்க. உங்க வண்டியத்தான் குட்டியாச் செஞ்சிருக்கேன், வந்து பாருங்கப்பான்னு வாய் சும்மா இருக்காமக் கூப்புட்டுட்டேன்.

ரிக்குன்னா கம்பம் வேணுமில்லீங்க? உங்க மடியில இருக்கறதுதான், வண்டி மேல நட்டமா நிக்கும். அசல் இரும்பு. கனமாத்தான் இருக்கும்.

இப்பப் பாருங்க, கல்லு மேல ஒரு சக்கரம் ஏறுனா வண்டி சாயுது. சாஞ்ச பக்கத்து ஸ்பிரிங் அமுங்குது, இன்னுஞ் சாயுது, பொத்துன்னு மல்லாந்துக்குது. சரி, ஸ்பிரிங் நோஞ்சான்னு கணபதியில பட்டறை வெச்சிருக்கற அழகிரிசாமியண்ணங்கிட்ட மொரட்டு ஸ்பிரிங்கா சுத்தி வாங்குனேன். அது அமுங்கவே மாட்டேங்குது. ஒரு சக்கரம் கல்லு மேல, இன்னொண்ணு அந்தரத்துல சும்மா சுத்துது. அப்புறம் அதும் கவுருது. ஆட்டத்த அடக்கறதுக்கு ஊசி போடற சிரிஞ்சுல எண்ணெய் ஊத்தி ஸ்பிரிங் பக்கத்துல மாட்டுனேன். தேங்காயெண்ணெய் ஊத்துனா குதிச்சுக் கவுருது. வெளக்கெண்ணெய் ஊத்துனா நிதானமாக் கவுருது. அவ்ளோதான் வித்தியாசம்.

எங்கூட வண்டி செய்யறவன் ஒருத்தன், சசிதர்னு, மில்லுக்காரங்க ஊட்டுப் பையன். ஸ்பிரிங்கத் தொடவே மாட்டான். மொத நாள்ல இருந்து கம்பத்தப் படுக்கப் போடு, படுக்கப் போடுன்னு ஒரே பாட்டு. "ரிக்கப் பத்தி உனக்கென்ன தெரியும்? உங்கூட்டு போரையே எங்கப்பாதான் போட்டிருப்பாரு"ன்னேன். வாதத்துல என்னைய ஜெயிக்க ஒருத்தன் இனித்தான் பொறக்கோணும்.

ஏனுங்க்கா, நீங்களும் படுக்கப் போட்டுட்டீங்க. முன்னாடி இருக்கற அண்ணன் முதுகுல குத்துதுங்களா? மொறைக்கறாரு... சரி, படுத்தே கெடக்கட்டும்.

புடிச்சுக்குங்க, ஆவாரம்பாளையத்து வளைவு வருது, இந்த டிரைவரு பிரேக்குன்னு ஒண்ணு இருக்கறதையே... ஐயோ, சாரிங்க்கா, உங்க மேலயே சாஞ்சுபோட்டேன். வண்டி எங்கீங்க? எந்தப் பக்கம் உருண்டுச்சு?

இங்கியேதான் நிக்குது. நானே சாஞ்சுட்டேன், அது சாயல.

...

ஏனுங்க்கா, நீங்க ரோட்டுல ரிக் வண்டி போயிப் பாத்திருக்கறீங்கல்ல. கம்பம் எப்புடீங்க இருக்கும்?

ஆமாங்க. படுத்துட்டுத்தான் போகும். குழி போடற எடத்துக்குப் போயித்தான் எந்திரிக்கும். கம்பத்தத் தூக்கி வெச்சுட்டு மேடு ஏறுனா எங்கப்பா டிரைவரத் தொலைச்சுக் கட்டிருவாரு. அந்த வண்டி சத்தத்துலதான் நான் தூங்கி எந்திரிச்சு வளந்தேன். அந்த மனுசன் இன்னைக்கு வந்து என் வண்டியப் பாத்துப்போட்டு, "ஏங்கண்ணு, இப்புடியா ஓட்டறது"ன்னு அத்தனை பேரு முன்னாடி கேட்டிருப்பாரு...

இப்பப் படுக்கப் போட்டா சசிதர் சொன்னதாயிருமேங்க. ஆகாது. அவன் கவுரக்கூடாதுன்னு சொன்னான். நான் எங்கப்பா ஓட்டற மாதிரி ஓட்டறேன். ரெண்டும் எப்புடி ஒண்ணாகும்? உச்சிக்குப் போனதும் நட்டமா நிறுத்திக் காட்டறேன், அவன் அப்பப் பேசட்டும்.

எங்கீங்க எந்திரிக்கறீங்க? பீளமேடுன்னீங்க, இது ரெண்டு ஸ்டாப் முன்னாலயேங்க... அக்கா, கம்பம்... ஓ, சீட்டு மேல வெச்சுட்டீங்களா. போயிட்டு வாங்க.

ஏனுங்ணா, முன் சீட்டு அண்ணா, முதுகுல குத்துனதுக்குக் கோவிச்சுக்காதீங்க. உங்க பையில தொங்குதே, அந்தச் சணல் கயித்தக் கொஞ்சம் குடுங்களேன், இதப் படுக்க வெச்சுக் கட்டோணும். எதுக்குங்களா? அது ஒண்ணுமில்லீங்ணா. ஸ்பிரிங் மேலதாங்க தப்பு...